பணம் போடுபவர் ஒருவர், குடியிருப்பவர் ஒருவர்: எப்படி எழுதிக்கொள்வது?

மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்தால், அதை வாங்க நினைக்கும் குடும்பத்தில் பணம் ஓர் ஊரில் இருக்கும், ஆள் ஓர் ஊரில் இருப்பார். மானாவாரிக் காட்டை நம்பிக் காலம் தள்ள முடியாது என்று ஒருவர் திருப்பூருக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போய்ச் சம்பாதித்திருப்பார். இன்னொருவர் ஊரிலேயே கடையோ தறியோ வைத்துக்கொண்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டு, வாடகை வீட்டில் இருப்பார். "அண்ணே, நீங்க பணத்தப் போடுங்க, நாங்க இருந்துக்கிறோம், பின்னால பாத்துக்கலாம்" என்று பேச்சு முடிந்துவிடும். பத்து வருடம் கழித்து அண்ணன் தன் மகளுக்குக் கல்யாணம் என்று வந்து நிற்கும்போது, வீட்டில் அவருக்கு எவ்வளவு என்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

இங்கிலாந்தில் இதை அரசே ஒரு திட்டமாக நடத்தியது. 2013 முதல் 2023 வரை இருந்த 'ஹெல்ப் டு பை' திட்டத்தில், புது வீட்டின் விலையில் 20 சதவீதம் வரை அரசு போட்டது. 2016-லிருந்து லண்டனில் 40 சதவீதம் வரை. முதல் ஐந்து ஆண்டுக்கு வட்டி கிடையாது. ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கிய தொகையைக் கொடுத்தால் போதாது, அன்றைய வீட்டு விலையில் அதே 20 சதவீதத்தைக் கொடுக்க வேண்டும். இரண்டு லட்சம் பவுண்டு வீட்டுக்கு அரசு 40,000 போட்டிருந்தால், வீடு 2,10,000-க்கு விற்கும்போது 42,000 போய்விடும். விலை இறங்கினால் அரசுக்கும் நட்டம்.

நம் வங்கிகள் இப்படி வீட்டில் பங்கு எடுப்பதில்லை, கடன்தான் கொடுக்கின்றன. ஆகவே மல்லாங்கிணற்றில் பங்குதாரர் என்றால் அண்ணன், மச்சான், சிநேகிதர், இல்லையென்றால் வட்டிக்குக் கொடுக்கிறவர். இவர்களோடு ஏற்பாடு செய்துகொள்ள நாலைந்து வழிகள் உண்டு. ஒவ்வொன்றின் செலவும் வேறு, ஆபத்தும் வேறு.

கணக்குக்காக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். விலை 20 லட்சம். அதில் மனை 8, கட்டடம் 12. வாடகைக்கு விட்டால் மாதம் 6,000 வரும். அண்ணன் கையில் 12 லட்சம், தம்பி கையில் 8 லட்சம்.

ஒத்தி

வாங்குவதற்கு முன்னால் ஒத்தியைப் பற்றிப் பேசியாக வேண்டும். பணம் போதாதவர்கள் இந்தப் பக்கம் முதலில் தேடுவது அதைத்தான். இதில் குடியிருப்பவரே பணம் போடுபவர். வீட்டுக்காரரிடம் ஆறு லட்சத்தைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பார். கெடு முடிந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்புவார். 6,000 வாடகை மிச்சம் என்றால் ஆறு லட்சத்துக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீதம். வங்கி வைப்பு இதன் பக்கத்தில் நிற்காது. அந்த ஆறு லட்சத்தையே இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் ஆண்டுக்கு 24 சதவீதம் போகிறது. ஒவ்வொரு மாதமும் நட்டம்தான்.

சட்டத்தில் இது பழைய, உறுதியான ஏற்பாடு. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் இதை அனுபவ அடமானமாக அங்கீகரிக்கிறது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானம் என்றால் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் சுவாதீனத்தோடு கூடிய அடமானத்துக்குக் கடன் தொகையில் 4 சதவீதம் முத்திரைத் தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம். ஆறு லட்சத்துக்கு 30,000 ரூபாய். இந்த முப்பதாயிரத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஸ்டாம்ப் பேப்பரில் 'லீஸ்' என்று எழுதி நோட்டரி முத்திரையோடு முடித்துக்கொள்கிறார்கள். அந்தத் தாள் வில்லங்கச் சான்றில் ஏறாது. வீட்டுக்காரர் அதே வீட்டைக் காட்டி வங்கியில் கடன் வாங்கலாம், வேறொருவருக்குக் கிரயம் செய்யலாம். அப்போது ஒத்திக்காரர் கையில் ஒரு தாளும் ஒரு வழக்கும்தான் இருக்கும். தென் கொரியாவில் ஜியோன்சே என்று கிட்டத்தட்ட இதே முறை உண்டு. வீட்டுக்காரர்கள் பணத்தைத் திருப்பித் தராமல் ஏராளமான குடித்தனக்காரர்கள் ஏமாந்ததால், 2023-இல் அந்த நாடு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஒத்தியில் எத்தனை வருடம் இருந்தாலும் வீடு சொந்தமாகாது. "முப்பது வருஷம் ஆச்சு, இனி வீடு நமக்குத்தான்" என்று பேசுபவர்கள் உண்டு. 2014-இல் சிங் ராம் எதிர் ஷியோ ராம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அடமானம் எழுதிய தேதியிலிருந்து முப்பது ஆண்டு ஓடிவிட்டதாலேயே அனுபவ அடமானத்தை மீட்கும் உரிமை போய்விடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. எனவே ஒத்தி என்பது பணம் சேர்க்கும் சில வருடங்களைக் கடக்க நல்ல வழி. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

கடனாகவே கொடுப்பது

அண்ணனுக்கு வீடு வேண்டாம், போட்ட பணம் வட்டியோடு வந்தால் போதும் என்றால், பங்கு பேசுவதே வீண். கிரயம் தம்பி பெயரில் நடக்கட்டும். 12 லட்சத்துக்கு அண்ணன் பெயரில் சாதாரண அடமானம் பதியட்டும். முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. ஆக 22,000 ரூபாயில் அண்ணன் பெயர் வில்லங்கத்தில் ஏறிவிடும். தம்பி விற்றாலும் அடமானம் சொத்தோடு ஒட்டியே போகும். மனை விலை ஏறினால் அது தம்பிக்கு. இறங்கினால் அதுவும் தம்பிக்கே. அண்ணன் தம்பிக்குள் அடமானமா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அண்ணி கையில் காட்டுவதற்கு ஒரு பத்திரம் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ரொக்கம். கடனோ, சொத்துக்கான முன்பணமோ 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான தொகையை அபராதமாக விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒத்திப் பணத்தையும் வங்கி வழியாகவே கொடுப்பது நல்லது. பின்னால் பணம் கொடுத்ததற்கு அதுவே சாட்சி.

இரண்டு பேர் பெயரிலும் கிரயம்

இதுதான் இங்கிலாந்துத் திட்டத்துக்கு நெருக்கமானது. 20 லட்சத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்த்து 1,80,000 ரூபாய். பெயர் இரண்டானாலும் செலவு அதிகமாகாது. (பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.)

பத்திரத்தில் "இருவரும் வாங்கியது" என்று மட்டும் எழுதினால் தகராறுக்கு விதை போட்டாயிற்று. யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதாதபோது, சட்டம் அவரவர் போட்ட பணத்தின் அளவைப் பார்க்கும். அதற்கும் சான்று இல்லையென்றால் சமபங்கு என்று கொள்ளும். அறுபது போட்ட அண்ணன் ஐம்பதோடு நிற்க வேண்டிவரும். "அண்ணனுக்கு நூற்றில் 60, தம்பிக்கு நூற்றில் 40" என்ற ஒரு வரியும், இருவரின் வங்கிப் பரிமாற்ற விவரமும் பத்திரத்திலேயே இருக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது.

வீட்டின் விலை ஏறும் என்று பொதுவாகச் சொன்னாலும், ஏறுவது மனை. கட்டடம் வருடா வருடம் தேய்கிறது. கரிசல் மண்ணில் கட்டிய வீடு என்றால் மண் காய்ந்து சுருங்கி, மழையில் ஊதி, சுவரில் கீறலும் விடும். அதைப் பூசுவதும், ஓட்டைப் பிரித்துத் தளம் போடுவதும், போர் இறக்குவதும் குடியிருப்பவர். மனையின் ஏற்றத்துக்கோ யாரும் பாடுபடுவதில்லை. நாலுவழிச் சாலை வருவதாலோ, சாத்தூர் பக்கம் இ.குமாரலிங்கபுரத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட ஜவுளிப் பூங்கா 2023-இல் அறிவிக்கப்பட்டது போன்ற செய்தியாலோ அது தானாக நகரும். ஆகவே இந்த ஊர்ப் பக்கம் பங்கு பேசுகிறவர்கள் மண்ணையும் கட்டடத்தையும் ஒரே கணக்கில் போட்டால், குடியிருப்பவர் தலையில்தான் கை வைப்பார்கள்.

பத்து வருடத்தில் மனை 16 லட்சம், பழைய கட்டடம் 9 லட்சம் என்று ஆகிறது. இடையில் தம்பி தன் காசில் ஓர் அறை கட்டியிருக்கிறார், அதன் மதிப்பு 3 லட்சம். மொத்தம் 28. அண்ணனின் 60 பங்கு 16,80,000. அறையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 25 லட்சத்தில் 60 பங்கு, 15 லட்சம். தான் கட்டிய அறைக்குத் தம்பியே 1,80,000 கொடுக்கிறார் என்பது அந்த வித்தியாசம். வாங்கும் அன்றே ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்: மனையும் வாங்கியபோது இருந்த கட்டடமும் 60-40, அதன்பின் யார் கட்டினாலும் கட்டியவருக்கு, ரசீது இருந்தால். பூச்சு, வெள்ளையடிப்பு, வீட்டு வரி குடியிருப்பவர் பொறுப்பு. போர் போட்டுத் தண்ணீர் வராமல் போனால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் எழுத வேண்டும். ஆழம் போகப் போகச் செலவு ஏறும் இந்தப் பக்கத்தில் அது சின்ன விஷயமில்லை.

அடுத்தது வாடகை. அண்ணனின் அறுபது பங்குக்கு மாதம் 3,600 வர வேண்டும், ஆண்டுக்கு 43,200. அவர் போட்ட 12 லட்சத்துக்கு இது 3.6 சதவீதம்தான். மீதி வருமானம் மனை ஏறினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வருமானத்துக்காகப் பணம் போடுகிறவருக்குக் கூட்டுக் கிரயம் பொருந்தாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. ஓய்வு பெற்றபின் ஊருக்கு வந்து தானும் அந்த மனையில் ஒரு வீடு கட்டிக்கொள்ள நினைக்கும் அண்ணனுக்குப் பொருந்தும்.

இலங்கையின் அமானா வங்கி போன்ற இஸ்லாமிய வங்கிகள் வீட்டுக்குப் பணம் தரும் முறையை இங்கே கொஞ்சம் பார்க்கலாம். வட்டி வாங்கக் கூடாது என்பதால் வங்கியும் வாடிக்கையாளரும் சேர்ந்து வீட்டை வாங்குகிறார்கள். குடியிருப்பவர் வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே, அந்தப் பங்கைச் சிறிது சிறிதாக வாங்குகிறார். பங்கு குறையக் குறைய வாடகையும் குறைகிறது. அண்ணன் தம்பிக்குள் இதைத் தாராளமாகச் செய்யலாம். வருடம் ஒரு லட்சம் தம்பி கொடுத்தால் அண்ணனின் பங்கு இவ்வளவு குறைந்தது என்று நோட்டில் இருவரும் கையெழுத்திட்டு வரலாம். ஆனால் நோட்டு சொத்தை மாற்றாது. உரிமை மாறுவது பதிவான பத்திரத்தால் மட்டுமே. ஒவ்வொரு வருடமும் பதிந்தால் செலவு தின்றுவிடும் என்பதால், கணக்கை நோட்டில் வைத்துக்கொண்டு முடிவில் அண்ணன் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் ஒரே விடுதலைப் பத்திரம் போடுவதே நடைமுறை. அதுவரை அண்ணன் மாறமாட்டார், அவர் வாரிசுகளும் மாறமாட்டார்கள் என்று தம்பி நம்பியாக வேண்டும். ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவருக்குத் தானாகப் போகாது, வாரிசுகளுக்குப் போகும். ஒப்பந்தத்தில் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் வரி இருக்க வேண்டும், கூடவே ஓர் உயிலும் இருந்தால் நல்லது.

பிரியும்போது உறவு முறையைப் பொறுத்துச் செலவு எவ்வளவு மாறுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 15 லட்சம் மதிப்புள்ள பங்கை அண்ணன் தம்பிக்கு விடுதலை செய்தால் முத்திரைத் தீர்வை 15,000, பதிவு 10,000. அதே பங்கை மச்சானோ மாமாவோ சிநேகிதரோ விடுதலை செய்தால், அவர்கள் பதிவுத் துறையின் கணக்கில் குடும்பம் இல்லை. முத்திரைத் தீர்வை மட்டும் 7 சதவீதம், 1,05,000 ரூபாய். மச்சானோடு கூட்டுச் சேர்பவர்கள் இந்தத் தொகையை யார் கட்டுவது என்று இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கை மாறும் பணத்தில் அண்ணனுக்குக் கிடைத்த லாபத்துக்கு வருமான வரி தனி.

பெயர் ஒருவர், பணம் ஒருவர்

அண்ணன் பணம் போட்டு, தம்பி பெயரில் மட்டும் கிரயம் செய்துவிட்டு, வீடு உள்ளுக்குள் அண்ணனுடையது என்று வைத்துக்கொள்வது ஊருக்கு ஊர் நடக்கிறது. 1988-ஆம் ஆண்டுப் பினாமிச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு இது விளையாட்டான காரியம் இல்லை. மனைவி பெயரிலோ பிள்ளை பெயரிலோ கணக்கில் காட்டிய பணத்தில் வாங்கலாம். உடன்பிறந்தவர் பெயரில் வாங்க வேண்டுமென்றால் பத்திரத்தில் இருவர் பெயரும் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும். மச்சினனுக்கு அந்த விலக்கு கிடையாது. பினாமி என்று முடிவானால் சொத்து பறிபோகும். ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறையும், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதமும் உண்டு. இத்தனைக்கும் மேலாக, தம்பி ஏமாற்றினால் "பணம் என்னுடையது" என்று அண்ணன் வழக்குப் போடவும் முடியாது. திருப்பிக் கேட்கப்போவதில்லை என்றால் அன்பளிப்பு என்று எழுதிக் கொடுத்துவிடலாம். கேட்கப்போகிறார் என்றால் கடன் அல்லது கூட்டுக் கிரயம்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. கடன் கேட்டுப் போகிறவரிடம், "அடமானம் வேண்டாம், கிரயமாவே எழுதிக் குடுத்துருங்க, பணத்தக் கட்டுனதும் திருப்பி எழுதித் தர்றேன்" என்பார்கள். வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே குடித்தனக்காரராக இருப்பார். திருப்பி எழுதித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்தில் இல்லையென்றால் அதை அடமானமாகக் கருத முடியாது என்று 1929-ஆம் ஆண்டுத் திருத்தமே சொல்லிவிட்டது. வாய்ச்சொல்லும் தனித் தாளும் அங்கே எடுபடுவது கடினம். எவ்வளவு நெருக்கடி என்றாலும் இந்தக் கையெழுத்தைப் போடக் கூடாது.

முதலில் வங்கியில் கேட்பது

அண்ணனின் பங்கு எவ்வளவு சிறியதோ அவ்வளவு தொல்லை குறைவு. 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பின் 90 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஊர்க் கடைக்காரருக்குச் சம்பளச் சீட்டு இல்லாததால் அவ்வளவு கிடைப்பது கடினம்; இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கும் வங்கியில் பணம் புழங்கியதும் இருந்தால் ஒரு பகுதியாவது கிடைக்கும். மல்லாங்கிணறு பேரூராட்சி என்பதால் நகர்ப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் இங்கே பொருந்தும். 2024 செப்டம்பரில் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ள, நாட்டில் வேறெங்கும் பக்கா வீடு இல்லாத குடும்பம் 35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டுக்கு 25 லட்சம் வரை கடன் வாங்கினால், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், மொத்தம் 1,80,000 வரை. சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளில் குடிசையில் இருப்பவர்களுக்கு 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லம் இருக்கிறது. வீட்டுக்கு மூன்றரை லட்சம். இங்கிலாந்து அரசு போட்ட பணத்துக்குப் பங்கு கேட்டது. இவை எதிலும் அரசு பங்கு கேட்பதில்லை. அதனால் வெளியாரிடம் பங்கு பேசுவதற்கு முன் இந்தக் கதவுகளைத் தட்டிப் பார்ப்பது லாபம்.

பெயர் இருவருக்கும் என்றால் வங்கி இருவரையும் கடனாளியாகச் சேர்க்கச் சொல்லும். தம்பி தவணை தவறினால் திருப்பூரில் இருக்கும் அண்ணனின் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும் என்பதை அவரிடம் மறைக்கக் கூடாது.

பணம் போடுபவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வீடும் வீட்டு மனையும் வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. வீட்டோடு ஒட்டிய புஞ்சையையும் சேர்த்து ஒரே பத்திரத்தில் எழுதும் பழக்கம் இந்தப் பக்கம் உண்டு. அப்படி இருந்தால் புஞ்சையைத் தம்பி பெயரில் தனியாகப் பிரித்து, அவர் பணத்தில் வாங்க வேண்டும். அண்ணன் நேரில் வர முடியாவிட்டால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமிட்ட அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அதை எழுதும்போது "வாங்க" என்ற அதிகாரத்தை மட்டும் கொடுக்க வேண்டும். "விற்க, அடமானம் வைக்க" என்று அச்சில் கிடக்கும் வரிகளை அடித்துவிட வேண்டும்.

பதிவு முடிந்த கையோடு பட்டாவை இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றிக்கொள்ள வேண்டும். நத்தம் இடமென்றால் நத்தம் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதைக் கிரயத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். பேரூராட்சி வீட்டு வரியும் மின் இணைப்பும் வசதிக்காகக் குடியிருப்பவர் பெயரில் மாறுவது வழக்கம். அவை உரிமைப் பத்திரம் ஆகாது என்றாலும், இருபது வருட ரசீதை ஒரு பேரப்பிள்ளை நீதிமன்றத்தில் நீட்டும்போது வழக்கை இழுத்தடிக்கப் போதுமானவை. வரி ரசீதிலும் இரண்டு பெயரையும் போட்டுக்கொள்ளப் பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு மனுவும் கிரயப் பத்திரத்தின் நகலும் கொடுக்க வேண்டும்.